விண்கலம் வரையும் மகளுக்கு டேப்லெட் வாங்குவதற்கு முன்

பள்ளி நோட்டின் பின்பக்கமெல்லாம் விண்கலமும் வேற்றுக்கிரக நகரமும்தான், இப்போது திரை வைத்த டேப்லெட் கேட்டு அடம், இதை நம்பிப் படிக்க வைத்தால் பிழைப்பு ஓடுமா என்று எழுதியிருந்தீர்கள்.

டேப்லெட் கதையை முதலில் முடித்துவிடுவோம். திரை வைத்தது இப்போது வேண்டாம். கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும், திரை இல்லாத சாதாரண பேனா டேப்லெட் போதும். வரைய க்ரிட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், இரண்டு மென்பொருளுமே இலவசம்.

பிழைப்பு விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். அறிவியல் புனைகதைக்கு மட்டுமே படம் வரைந்து சம்பளம் வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. வேலை இருப்பது வீடியோ கேம், சினிமா, அனிமேஷனுக்கான கான்செப்ட் ஆர்ட்டில், அதாவது அந்த உலகமும் பொருளும் உடையும் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே வரைந்து காட்டும் வேலையில், அப்புறம் புத்தக அட்டைகளில். அங்கேயும் பளபளக்கும் பெரிய ஓவியம் எப்போதாவதுதான். ஒரே ஹெல்மெட்டை முன், பக்கம், பின் என்று வரைவதும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மண்டையை உடைப்பதும், கொடுத்த சின்னச் சின்ன ஸ்கெட்சுகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் திரும்பி வருவதைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வதும்தான் அன்றாடம். உங்கள் மகளுக்கு இது பிடிக்குமா என்று அவளிடமே கேளுங்கள்.

இந்தத் துறையின் பெரிய கைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் உங்களுக்கும் கொஞ்சம் தெம்பு வரும். ஸ்டார் வார்ஸ் உலகுக்கு உருவம் கொடுத்த ரால்ஃப் மெக்குவாரி அதற்கு முன் போயிங்கில் தொழில்நுட்ப ஓவியர். பிளேட் ரன்னர் படத்தின் எதிர்கால உலகை வடிவமைத்த சிட் மீட் அதற்கு முன் ஃபோர்டில் கார் வடிவமைத்தவர். சனியின் நிலவான டைட்டனிலிருந்து தெரியும் சனிக்கிரகத்தை 1944-இல் வரைந்து அசத்திய செஸ்லி போனஸ்டெல் கட்டடக்கலைப் பக்கம் இருந்து வந்தவர். அதனால் நுண்கலைப் பட்டம்தான் வேண்டும் என்றில்லை, பொருட்களை வடிவமைக்கக் கற்றுத்தரும் தொழில் வடிவமைப்போ (இண்டஸ்ட்ரியல் டிசைன்) கட்டடக்கலையோ எடுத்தாலும் இதே வாசலுக்கு வரலாம், வேறு வேலைக்கும் கதவு திறந்திருக்கும். என்னைக் கேட்டால் தொழில் வடிவமைப்புக்குத்தான் என் ஓட்டு.

காகிதமா கணினியா என்ற சண்டையே வேண்டாம், இரண்டும் ஒரே படத்துக்குள் வரும். பென்சிலில் கட்டைவிரல் அளவுக்குப் பத்துப் பதினைந்து ஸ்கெட்ச் போட்டு, அதில் ஒன்றைக் கருப்பு, சாம்பல், வெள்ளை என மூன்றே டோனில் நிரப்பிப் பார்க்கட்டும். அந்த அளவிலேயே படம் நிற்கவில்லை என்றால் எத்தனை லேயர் போட்டாலும் நிற்காது. நின்றால் ஸ்கேன் செய்து, பிளெண்டரில் வெறும் பெட்டிகளை அடுக்கி பெர்ஸ்பெக்டிவை, அதாவது தூரமும் கோணமும் தெரியும் விதத்தைச் சரிபார்த்து, அதன் மேல் வண்ணம் தீட்டலாம். கூடவே குவாஷ் வண்ணமும் (நீரில் கரைத்துத் தீட்டும், அடியில் இருப்பதை மறைக்கும் வண்ணம்) பழகட்டும். காயும்போது வெளிர் நிறம் கொஞ்சம் இருண்டும் அடர் நிறம் கொஞ்சம் வெளுத்தும் போகும், அண்டூ பட்டன் கிடையாது, அதனால் தூரிகை வைக்குமுன் யோசித்தே ஆகவேண்டும்.

வேலைக்கோ படிப்புக்கோ காட்டும் படத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் நான் அடிக்கடி பார்ப்பது செவ்வாயில் ரத்தச் சிவப்பாக ஒரு சூரிய அஸ்தமனம். உண்மையில் அங்கே சூரியன் இறங்கும்போது அதைச் சுற்றி வானம் நீலமாகத் தெரியும், காற்றில் மிதக்கும் நுண்தூசி செய்யும் வேலை அது. தெரிந்தே மாற்றி வரைந்தால் சரி, தெரியாமல் வரைந்தது பார்த்ததும் தெரிந்துவிடும். சினிமாவில் வந்த கதாபாத்திரங்களையே திரும்ப வரைவதும் அப்படித்தான், ஒன்றிரண்டுக்கு மேல் வைத்தால் ஆளுக்குச் சொந்தமாக எதுவும் தோன்றவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

ஏஐ பயம் நியாயமானதுதான். மலிவான அட்டைப்பட வேலைகளை அது ஏற்கெனவே தின்கிறது. ஆனால் 'இந்த இறக்கையை மட்டும் மடக்கிக் காட்டு, கீல் எங்கே இருக்கும்?' என்று இயக்குநர் கேட்டால் பதில் சொல்ல, அதை யோசித்து வரைந்த ஆள் வேண்டும்.

இந்த விடுமுறையில் ஒரே ஒரு கிரகத்தை எடுத்து, அங்கே ஓடும் வண்டி, வீடு, உடை மூன்றையும் அவளே வடிவமைக்கட்டும். முடித்த படங்களோடு, வேண்டாம் என்று ஒதுக்கிய ஸ்கெட்சுகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் படிப்பு என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.