ஐயருக்குத் தோள் கொடுப்பது

அன்பான ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்கு அருகில் ஒரு கிராமத்துச் சபையில், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பாடசாலையைப் பதினான்கு வருடங்களாக நடத்தி வருகிறேன். எழுபது பிள்ளைகள் வந்த இடத்தில் இப்போது பதினெட்டுப் பேர்தான் வருகிறார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் ஞாயிறு காலையில் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, ஆறு சபைகள். வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனைக்கான வகுப்பை இந்த ஆண்டு மூன்றே வாரத்தில் முடித்துவிட்டார். அவருக்கு அக்கறை இல்லை என்று கமிட்டியில் சிலர் பேசுகிறார்கள்; புரொஜெக்டர் வாங்கினால் பிள்ளைகள் வருவார்கள் என்கிறார்கள் வேறு சிலர். ஐயருக்கு ஆதரவாக நிற்பதா, பிள்ளைகளுக்காக அவரிடம் கேள்வி கேட்பதா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். ஐயரைத் தாங்குவதும் பிள்ளைகளுக்குப் போதிப்பதும் ஒரே வேலை என்றுதான் நான் நம்புகிறேன்; நம் சபையின் வரலாறும் அதைத்தான் காட்டுகிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்த மறு ஆண்டே, ஊர்களில் வேதம் போதிக்கும் உபதேசிமாரையும் ஆசிரியர்களையும் உருவாக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேதம் கையில் கிடைத்தாலும் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ்ச் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையில் 1733இல் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற நம்மவரான ஆரோன், அதற்குமுன் உபதேசியாராகப் போதித்து வந்தவர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரும், உபதேசிமாரைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்தியே ஊர்களுக்கு அனுப்பினார். ஒரே ஐயர் எல்லா ஊரிலும் இருந்து போதிக்க முடியாது. ஆனால் எல்லா ஊரிலும் போதிக்கிறவர்களுக்கு அவர் போதிக்கலாம்.

இன்று அதற்கு அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது? சென்ற ஆண்டு ஒரு குருமனையின், அதாவது ஐயர் குடியிருக்கும் வீட்டின், திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐயரின் மடியில் ஞாயிறு பிரசங்கத்துக்காக வேதாகமம் திறந்திருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் பணம் கேட்டு ஒருவர் வந்தார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கக் கூலி பேச இன்னொருவர். சபையார் கூடி விருந்துண்ணும் அசன விழாவின் பந்தல்காரரிடமிருந்து தொலைபேசி. அதை அவர் வைப்பதற்குள் பள்ளிக்கூடக் கணக்கில் கையெழுத்து வாங்க ஒரு ஆசிரியர். நான் எழுந்து வரும்வரை அந்த வேதாகமத்தில் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. அவருக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. ஜனங்களின் வழக்கையெல்லாம் ஒருவராகவே சுமந்த மோசேயிடம், இப்படியே போனால் தொய்ந்துபோவீர் என்று அவருடைய மாமனார் எத்திரோ சொன்னதை உங்கள் கமிட்டியார் ஒருமுறை சேர்ந்து வாசித்தால் நல்லது.

ஆகவே கணக்கு, கட்டடம், பந்தல் ஆகியவற்றைக் கமிட்டியில் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக ஐயரிடம் ஒன்றை மட்டும் உரிமையோடு கேளுங்கள்: சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஆறு சபை ஆசிரியர்களையும் ஓரிடத்தில் கூட்டி, மறுநாள் பாடத்தை அவரே நடத்த வேண்டும். லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் கெட்டகுமாரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாரிப் பிள்ளை திருந்தி வந்தான் என்பதோடு நாம் முடித்துவிடுகிறோம். மூத்தவன் கோபித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நிற்பதையும், தகப்பன் அவனையும் வருந்தி அழைப்பதையும், அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா சொல்லாமல் விடுவதையும் இறையியல் படித்த ஒருவர் உங்களுக்கு எடுத்துக்காட்டிவிட்டால், மறுநாள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கும் கேள்விக்கு நீங்கள் தடுமாற மாட்டீர்கள். அந்தப் படிப்பை அவர் புதுப்பித்துக்கொள்ள, புத்தகத்துக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகையைச் சபை ஒதுக்க வேண்டும். புரொஜெக்டர் அதற்கும் பிறகு வரட்டும்.

டியூஷன் விஷயம் எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரம் முழுக்க வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வாக இருந்தது என்பதால். நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாளும் இல்லாமல் போய்விட்டது. பெரிய பிள்ளைகளின் வகுப்பை மாலை நான்கு மணிக்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் பெற்றோர் மாறாமல் இது நிலைக்காது. திடப்படுத்தலோடு தங்கள் வேதப் படிப்பை முடித்துக்கொண்டவர்கள், பிள்ளைகளுக்கு அது அவசியம் என்று எப்படி நினைப்பார்கள்? மிசோரம் சபைகளில் தாத்தா பாட்டிகள்கூட ஓய்வுநாள் பாடசாலையில் வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து படிக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அதே மாலை நேரத்தில் பெற்றோருக்கு ஒரு வகுப்பு வைக்கலாம்.

மூன்று வாரத் திடப்படுத்தல் வகுப்பு போதாது என்பதில் நீங்கள் சொல்வதுதான் சரி. சபையின் விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணத்தை மனப்பாடமாக ஒப்புவிக்க மூன்று வாரம் போதும்; "பாவமன்னிப்பு உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று சொல்கிற பிள்ளை, தான் யாரை மன்னிக்காமல் இருக்கிறோம் என்று யோசித்துப் பார்க்க அது போதாது. இதை ஐயரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் கமிட்டியில் வைத்துச் சொல்ல வேண்டாம். மற்ற ஆசிரியைகளையும் கூட்டிக்கொண்டு, வருகிற வாரத்துப் பாடப்புத்தகத்தோடு குருமனைக்குப் போய், முதலில் அந்தப் பாடத்தை உங்களுக்கு நடத்தித்தரக் கேளுங்கள். அவர் நடத்தி முடிக்கும்வரை வாசலில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல, கமிட்டியில் உங்களுக்கு வேண்டிய ஒருவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள்.

அன்புடன்.