6 வெற்றி, 8 தோல்வி, 4 டிரா

கேள்வி: என் அண்ணன் மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாள். ஆகஸ்டில் ஆரம்பித்த சீசன் நவம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. 18 ஆட்டங்களில் 6 வெற்றி, 8 தோல்வி, 4 டிரா. இதற்காகவா படிப்பைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறோம். நாங்கள் கேட்பது சரிதானே?

பதில்: சரியில்லை. உங்கள் கடிதத்தில் எண்ணிக்கை இருக்கிறது, ஆட்டம் இல்லை. யாரிடம் தோற்றார்கள், எத்தனை கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள், அவள் தற்காப்பில் ஆடுகிறாளா முன்வரிசையிலா, ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் களத்தில் நின்றாள் என்று ஒரு வரிகூட இல்லை. இதெல்லாம் தெரியாமல் வீட்டில் தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது.

படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி, தேவையான பாடங்களில் தேறாதவர் அணியில் ஆட முடியாது. சீசன் நடக்கும்போதும் பயிற்சியும் ஆட்டமும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அந்த அமைப்பின் கணக்கில், உயர்மட்டமான முதல் டிவிஷன் பெண்கள் கால்பந்தில் பட்டம் பெறுவோர் விகிதம் 90 சதவீதத்துக்கு மேல். மதிப்பெண் குறைந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், பேசுவோம். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

அப்புறம் அந்த 4 டிரா. 2021 வரை லீக் ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் கொடுப்பார்கள். முதல் கோல் அடித்தவருக்கே வெற்றி. 2022 முதல் சாதாரண சீசனில் அது இல்லை. 90 நிமிடம் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. பழைய விதி இருந்திருந்தால் அந்த நான்கில் சில இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்திருக்கும். ஆக, இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவள் அணியை மோசமான அணி என்று சொல்ல முடியாது. முதல் டிவிஷனில் மட்டும் சுமார் 350 அணிகள் ஆடுகின்றன. தேசியச் சாம்பியன்ஷிப்பில் 64-க்குத்தான் இடம்.

கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் வட கரோலினா பல்கலைக்கழகத்தைவிடப் பெரிய பெயர் இல்லை. 1982-ல் நடந்த முதல் என்.சி.ஏ.ஏ. போட்டியிலேயே கோப்பையை வென்ற அணி அது. அமெரிக்காவின் புகழ்பெற்ற வீராங்கனை மியா ஹாம் ஆடிய அணி. 2023 காலிறுதியில் அதே அணி 3-0 என்று முன்னணியில் இருந்து, பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திடம் 4-3 என்று தோற்றது. அடுத்த ஆண்டு சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, 1979 முதல் அணியை நடத்திவந்த பயிற்சியாளர் ஆன்சன் டாரன்ஸ் ஓய்வு பெற்றார். சில முக்கிய வீராங்கனைகள் ஏற்கெனவே தொழில்முறை லீக்குக்குப் போயிருந்தனர். தற்காலிகப் பொறுப்பேற்ற டேமன் நஹாஸின் கீழ் அந்த அணி டிசம்பரில் 22-வது முறையாகச் சாம்பியன் ஆனது. கல்லூரி அணி இப்படித்தான், ஆண்டுதோறும் பாதி புதிய அணியாகிவிடும். மூத்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாறுவார்கள், பதினெட்டு வயதுப் பெண்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் ஒருவர் ஓட்டத்தை ஒருவர் புரிந்துகொள்வதற்குள் அக்டோபர் வந்துவிடுகிறது.

எனக்கு உண்மையான கோபம் இருப்பது அந்த அட்டவணை மேல்தான். சுமார் பதினோரு வாரத்தில் 18 ஆட்டம் என்றால், பல வாரங்களில் வியாழன் ஒன்று, ஞாயிறு ஒன்று. நடுவில் பயணம், வகுப்பு, தேர்வு. இப்போது பயணமும் நீண்டுவிட்டது. கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, 2024 முதல் கிழக்குக் கரையை மையமாகக் கொண்ட அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற லீக்கில் ஆடுகிறது. லீக் ஆட்டத்துக்காக ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரைக்கு மாணவிகள் பறக்க வேண்டியிருக்கிறது. வெளியே போன வீராங்கனை இடைவேளைக்குப் பிறகு மறுபடி களத்துக்கு வரலாம் என்று கல்லூரி விதி இடம் தருகிறது. சர்வதேச ஆட்டத்தில் அது கிடையாது. இந்தச் சலுகை இல்லாவிட்டால், இந்த நெரிசலில் பல அணிகளுக்கு மூச்சு முட்டிவிடும். கால்பந்தில் முழங்கால் லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார், கிழியும் ஆபத்து, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அப்படிக் கிழிந்தால் பெரும்பாலும் ஒரு சீசன் முழுதாகப் போய்விடும். இவர்களுக்கு இருப்பது வழக்கமாக நான்கு சீசன்தான்.

இதை மாற்ற முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. கொரோனா காலத்தில் 2020-க்கான சாம்பியன்ஷிப்பை 2021 வசந்தத்துக்குத் தள்ளிவைத்து மே மாதம் முடித்தார்கள். சான்டா கிளாரா கோப்பை வாங்கியது. ஆண்கள் அணிப் பயிற்சியாளர்கள், ஆட்டங்களை இரண்டு செமஸ்டர்களிலும் பரப்பிவைக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். பெண்கள் அணிகளுக்கும் அது வேண்டும்.

வசந்தகாலப் பயிற்சி தொடங்குவதற்கு முன் உங்கள் அண்ணன் மகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அப்போது பேசுங்கள். முழங்காலில், கணுக்காலில் வலி ஏதாவது இருக்கிறதா, அணியின் மருத்துவர் என்ன சொன்னார், சரியாகத் தூங்குகிறாளா என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு ஆடுவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும். தோல்விக் கணக்கை அவள் எடுக்கும்வரை நீங்கள் எடுக்க வேண்டாம்.