உயிர் ஒன்றுதான், சேவும் ஒன்றுதான்: போக்கிமான் சவால் ஒளிபரப்புக்கு எதை வாங்கலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. பழைய போக்கிமான் விளையாட்டை ‘நஸ்லாக்’ விதிகளோடு ஆடி, அதை நேரலையில் காட்ட என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். விதி தெரியாதவர்களுக்கு: மயங்கி விழுந்த போக்கிமான் செத்ததாகவே கணக்கு, மறுபடி களத்தில் இறக்கக் கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டும் பிடிக்கலாம். அது தப்பினால் அங்கே வேறு கிடையாது. பிடித்த எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். 2010-இல் ஒருவர் தான் ‘ரூபி’ என்ற போக்கிமான் விளையாட்டை ஆடிய கதையைக் காமிக்ஸாக வரைந்து இணையத்தில் போட்டார், அதிலிருந்து பரவிய பழக்கம் இது. விளையாட்டு யாரையும் இப்படி ஆடச் சொல்வதில்லை, ஆடுபவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு.

இதில் காசு செலவழிக்க உருப்படியான இடம் ஒன்றுதான்: சேவ், அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு, அழியாமல் இருப்பது. பல வாரம் ஆடிய ஆட்டம் சண்டையில் தோற்று முடிந்தால் அது நல்ல நிகழ்ச்சி. கார்ட்ரிட்ஜ், அதாவது விளையாட்டு பதிந்த அந்தச் செருகுபெட்டி, கைவிட்டு முடிந்தால் அதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: எமரால்ட் கார்ட்ரிட்ஜ் ஒன்று ஆன்லைனில் ‘புத்தம் புதிது’ என்று மலிவாக வருகிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: எமரால்ட், கேம் பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்கான போக்கிமான் விளையாட்டு, ஜப்பானில் வந்தது 2004-இல். இருபது வருடம் தாண்டிய பொருள் பளபளவென்று, அதுவும் ஒரே விற்பனையாளரிடம் டஜன் கணக்கில் கிடைக்கிறது என்றால் அது நகல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரீப்ரொடக்ஷன்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அல்லது அதுவும் இருக்காது.

விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: முன்பக்க லேபிள், பின்பக்கம், செப்புத் தொடுமுனைகள் தெரியும் அடிப்பகுதி. அசல் லேபிளில் இரண்டு இலக்க எண் ஒன்று அச்சாக இல்லாமல் அழுத்தி பதிக்கப்பட்டிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். தொடுமுனைகளுக்குச் சற்று மேலே பலகையில் நின்டெண்டோ பெயர் தெரியும். பின்பக்கத் திருகு மூன்று கிளை உள்ளது. எமரால்டின் கூடு ஒளி ஊடுருவும் பச்சை. இவற்றில் ஏதாவது ஒன்று சரியாக இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். கூட்டையும் லேபிளையும் தனியாகவே விற்கிறார்கள். திறந்து உள்ளே இருக்கும் பலகையைப் படம் எடுத்துத் தரத் தயங்காதவரிடம் வாங்குவது நல்லது.

உள்ளே பார்த்தால் இன்னொரு வழியும் உண்டு. ரூபி, சஃபயர், எமரால்ட் மூன்றிலும் கடிகாரத்துக்காக ஒரு பேட்டரி இருக்கும். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் கடிகாரமே கிடையாது, அதனால் பேட்டரியும் கிடையாது. ‘ஃபயர்ரெட், பேட்டரி புதிதாக மாற்றியது’ என்று விளம்பரம் கண்டால் மேற்கொண்டு எதையும் விசாரிக்காமல் விலகிவிடுங்கள்.

அசல் எமரால்டை இயக்கியதும் ‘உள் பேட்டரி தீர்ந்துவிட்டது’ என்று ஒரு செய்தி வந்தால் பயப்படாதீர்கள், இந்த வயதில் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். பெர்ரி வளர்வது போல நேரத்தை நம்பி நடப்பவை நின்றுபோகும். சேவ் மட்டும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அப்படியே இருக்கும். நகல்களில் கதை தலைகீழ். இடையில் சேவ் காணாமல் போவதும், கடைசி எதிரிகளான எலைட் ஃபோரை வென்று, தயாரித்தவர்கள் பெயர்கள் திரையில் ஓடிய பிறகு ஆட்டமே அழிந்திருப்பதும் நெடுநாளாக வரும் புகார்கள். திரையில் ‘1எம் துணைப் பலகை பொருத்தப்படவில்லை’ என்ற பொருளில் செய்தி வந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

ஆகவே கைக்கு வந்த அன்றே நேரலையைத் தொடங்காதீர்கள். சேவ் செய்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றி, இரண்டு நாள் சும்மா வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். திருப்பி அனுப்பும் அவகாசத்துக்குள் இதை முடிக்க வேண்டும். ‘தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் அந்த அவகாசமே இருக்காது.

நேரலை ஆட்டக்காரர்களுக்கு ஒரு கொசுறு: பேட்டரி தீர்ந்த ரூபியிலும் சஃபயரிலும், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் விளையாட்டின் அதிர்ஷ்டக் கணக்கு ஒரே புள்ளியிலிருந்துதான் தொடங்கும். விவரம் தெரிந்த பார்வையாளர் ‘காட்டு போக்கிமான் எது வரும் என்று முன்பே தெரிந்து ஆடுகிறாய்’ என்று கிளம்பிவிடலாம். பேட்டரி நிலையை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் சின்ன வயதில் ஆடிய கோல்டு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. சேவ் நிற்பதில்லை. புதிதாக இன்னொன்று வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், பேட்டரியை மாற்றினால் போதும். கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் சேவ் பதிவையும் கடிகாரத்தையும் தாங்குவது ஒரே சிஆர்2025 பேட்டரி. கடிகாரம் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருப்பதால், ரெட், புளூவைவிட இவற்றில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பேட்டரி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். காது (பற்றவைக்க நீட்டிய தகடு) வைத்த பேட்டரி என்று கேட்டு வாங்கி, பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சாதாரண பேட்டரியை டேப் போட்டு ஒட்டும் வித்தையை நிறையப் பேர் காட்டுகிறார்கள். ஒரு குலுக்கலில் தொடுகை விட்டால் ஆட்டம் போச்சு. பழைய பேட்டரியைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் சேவ் அழியும். பிரியமான பழைய அணி இன்னும் இருந்தால், கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்றால் அதைக் கணினிக்கு நகலெடுத்த பிறகே திருகைத் தொடச் சொல்லுங்கள். அந்த ரீடர் ஒளிபரப்புக்கும் உதவும், அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: ‘4கே கேப்சர் கார்டு’ என்று ஒரு யூஎஸ்பி குச்சி மிகக் குறைந்த விலையில் விற்கிறது. கேம் பாய் அட்வான்ஸை ஒளிபரப்ப அது போதுமா?

பதில்: குச்சியை விடுங்கள். உங்கள் கேம் பாய் அட்வான்ஸில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா? கிடையாது. கேப்சர் கார்டு என்பது வெளிக் கருவியின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதில் செருக எதுவும் இல்லை. இதைக் கவனிக்காமல் கார்டு வாங்கிவிட்டு, பிறகு எழுதிக் கேட்பவர்கள்தான் அதிகம்.

கைக்கருவியின் படத்தை வெளியே எடுக்கச் சில வழிகள் உண்டு. 1994-இல் வந்த சூப்பர் கேம் பாய், சூப்பர் நின்டெண்டோ என்ற டிவி கருவியில் செருகுவது. அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் அதில் ஓடாது. 2003-இல் வந்த கேம் பாய் பிளேயர், கேம்கியூப் என்ற டிவி கருவியின் அடியில் பொருத்துவது. மூன்று தலைமுறைக் கார்ட்ரிட்ஜும் ஓடும். ஆனால் அதை இயக்க அதனுடன் வந்த டிஸ்க் வேண்டும். இரண்டாம் கையாக விற்பவர்கள் டிஸ்க் இல்லாமல்தான் அடிக்கடி விற்கிறார்கள், ‘முழு செட்’ என்ற சொல்லை நம்பாமல் டிஸ்கின் படம் கேளுங்கள். இந்தப் பழைய பெட்டிகளின் வெளியீடு அனலாக், எச்டிஎம்ஐ ஆக்க ஒரு மாற்றி தனியாக வாங்க வேண்டியிருக்கும். அனலாக் என்ற நிறுவனத்தின் ‘பாக்கெட்’ என்ற புதுக் கருவி அசல் கார்ட்ரிட்ஜை ஏற்கும், எச்டிஎம்ஐயிலும் காட்டும், ஆனால் டிவியோடு இணைக்கும் அதன் தாங்கிக்கு (டாக்) தனி விலை.

எனக்குப் பிடித்த வழி எல்லாவற்றிலும் எளிமையானது. கார்ட்ரிட்ஜைச் செருகிக் கணினியிலேயே ஆடவிடும் ரீடர்கள் இருக்கின்றன. ஆட்டம் கணினித் திரையில் ஓடும், ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் அந்தச் சாளரத்தை அப்படியே எடுத்து ஒளிபரப்பும். கேப்சர் கார்டே வேண்டாம். சேவ் பதிவையும் ஒவ்வொரு நாளும் நகலெடுத்து வைக்கலாம். பழைய கருவியைக் கையில் பிடித்துத்தான் ஆடுவேன் என்பவர்களுக்கு இது பிடிக்காது, அது அவரவர் ஆசை.

இப்போது அந்தக் குச்சிக்கு வருவோம். ‘4கே’ என்பது உள்ளே வாங்கிக்கொள்ளும் படத்தின் அளவு. கணினிக்குத் தருவது சுருக்கிய படம். குச்சி யூஎஸ்பி 2.0 என்றால் அதன் வேகம் ஏட்டளவில் நொடிக்கு 480 மெகாபிட். சுருக்காத 1080பி படம் நொடிக்கு 60 சட்டமாக (ஃபிரேம்) வர ஏறக்குறைய 2000 மெகாபிட் வேண்டும். அந்தக் குழாயில் அது போகாது, அதனால் படத்தை நசுக்குவார்கள் அல்லது சட்டத்தை 30 ஆகக் குறைப்பார்கள். இந்த விளையாட்டுகள் நொடிக்குக் கிட்டத்தட்ட 60 சட்டத்தில் ஓடுபவை. அடி வாங்கிய போக்கிமான் மின்னி மறையும் காட்சியெல்லாம் பாதிச் சட்டத்தில் தெரியாமலே போகலாம். கார்டு தேவைப்படும் வழியைத்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால், யூஎஸ்பி 3-இல் 1080பி, 60 சட்டம் என்று தெளிவாக எழுதியதை வாங்குங்கள். அதற்கு மேல் போவது வீண். அட்வான்ஸின் திரையே 240-க்கு 160 புள்ளிதான், முதல் கேம் பாயில் 160-க்கு 144.

ஓபிஎஸில் பெரிதாக்கும்போது முழு எண்ணால் பெருக்குங்கள். அட்வான்ஸ் படத்தை ஆறு மடங்காக்கினால் 1440-க்கு 960. 1080பி திரையில் பக்கவாட்டில் மிச்சம் இருக்கும் இடத்தில் உயிரோடு இருப்பவை, செத்தவை பட்டியலை வைக்கலாம். அளவு மாற்றும் வடிகட்டியில் ‘பாயின்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் புள்ளிகள் மங்காது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

கேள்வி: ஒளிபரப்புக்காக இணையத் திட்டத்தை உயர்த்த வேண்டுமா?

பதில்: அநேகமாக வேண்டாம். கட்டங்களாலான இந்தப் படத்துக்கு 720பி, நொடிக்கு 3000 கிலோபிட் தாராளம். மணிக்கு 1.35 ஜிபி ஆகும். பதிவேற்ற வேகம் நிலையாக 5 மெகாபிட் இருந்தால் ஓட்டிவிடலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பதிவிறக்க வேகம், நீங்கள் கேட்க வேண்டியது மற்றது.

கேள்வி: எமுலேட்டரில் ஆடினால் சட்டப்படி தவறா? ‘ரேடிகல் ரெட்’ கார்ட்ரிட்ஜ் ஒன்றும் விற்பனைக்குப் பார்த்தேன், வாங்கலாமா?

பதில்: பழைய கருவியைப் போலவே கணினியை நடக்கவைக்கும் மென்பொருளான எமுலேட்டர் வேறு, விளையாட்டின் நகலான ரோம் வேறு. எமுலேட்டரை இலவசமாகவும் வெளிப்படையாகவும் தருகிறார்கள். சிக்கல் ரோமில். யாரோ ஏற்றி வைத்ததை இறக்குவது, உங்களிடம் அசல் கார்ட்ரிட்ஜ் இருந்தாலும், உரிமையாளர் அனுமதித்த செயல் ஆகிவிடாது. சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து நீங்களே எடுப்பது நாட்டுக்கு நாடு மாறும். நின்டெண்டோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒளிபரப்பவரின் சொந்தப் பேச்சும் கருத்தும் சேர்ந்த காணொளிகளைத்தான் ஏற்கிறது. பேசாமல் ஆட்டத்தை மட்டும் ஓடவிடுவதற்கு அதில் இடமில்லை.

ரேடிகல் ரெட், எமரால்ட் கைசோ போன்றவை ரசிகர்கள் செய்த கடினப் பதிப்புகள். செய்தவர்கள் அவற்றை ஒட்டுக்கோப்பாக, அதாவது அசலில் மாற்றும் பகுதிகளை மட்டும், இலவசமாகவே தருகிறார்கள். கார்ட்ரிட்ஜில் ஏற்றி விற்பவர் அவர்களுக்கும் ஒன்றும் தருவதில்லை, மூல நிறுவனத்துக்கும் தருவதில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மேலே சொன்ன அதே சேவ் அழியும் பலகையை. வாங்காதீர்கள்.

அதிகாரபூர்வமாக வாங்க ஆசைப்படுபவர்கள் தங்கள் கருவியின் கடையில் முதலில் தேடிப் பாருங்கள். ரெட், புளூ, யெல்லோ 2016-இல் நின்டெண்டோவின் 3டிஎஸ் கைக்கருவிக்கான இணையக் கடைக்கு வந்தன, அந்தக் கடை 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திவிட்டது. ‘பழைய விளையாட்டுகள் ஏற்றிய 3டிஎஸ்’ என்று இன்று விற்கப்படுவதை அந்தக் கணக்கில் பாருங்கள்.

கேள்வி: நின்டெண்டோவின் ஸ்விட்ச் லைட் கருவி மலிவாகக் கிடைக்கிறது. ஒளிபரப்ப எடுக்கலாமா?

பதில்: கூடாது. லைட் மாடலில் டிவிக்குப் படம் போகவே போகாது.

கேள்வி: கேமரா முக்கியமா, மைக் முக்கியமா?

பதில்: மைக். கேமரா இல்லாமலே நல்ல ஒளிபரப்புகள் ஓடுகின்றன. அறை எதிரொலித்தால் டைனமிக் வகை யூஎஸ்பி மைக் எடுங்கள், கண்டென்சர் வகை பக்கத்து அறைப் பேச்சையும் சேர்த்துப் பிடிக்கும். ஹெட்போன் கட்டாயம். கேம் பாயின் கீச்சு இசை ஸ்பீக்கர் வழியாக மைக்குக்குள் திரும்பி வந்தால் கேட்பவர் பத்து நிமிடத்தில் ஓடிவிடுவார்.

கேள்வி: ஒரு நேரலையில் பணம் கொடுத்து ஒரு போக்கிமானுக்கு என் பெயரை வைக்கச் சொன்னேன். வைத்தார். அன்றே அது செத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: நீங்கள் வாங்கியது பெயர் வைக்கும் உரிமையை. அது கிடைத்துவிட்டது. ஆயுளுக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை, நஸ்லாக்கில் தரவும் முடியாது. பெயரே வைக்காமல் விட்டிருந்தால், அல்லது உங்களிடம் வாங்கிக்கொண்டு வேறொருவர் பெயரை வைத்திருந்தால், நிச்சயமாகக் கேட்கலாம். முதலில் அவரிடமே நேராகக் கேளுங்கள், அப்புறம் பணம் செலுத்திய தளத்திடம். எடுத்த எடுப்பில் வங்கியிடம் போய்ப் பரிவர்த்தனையை மறுத்தால் உங்கள் கணக்கு முடக்கப்படலாம், எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குத் தண்டக் கட்டணமும் விழலாம்.

இதே கேள்வியை ஒளிபரப்புபவர் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ‘விருப்பப்பட்டால் தாருங்கள்’ என்றால் அது அன்பளிப்பு. ‘இவ்வளவு கொடுத்தால் பெயர் வைப்பேன்’ என்று எழுதிப் போட்ட நொடியிலிருந்து நீங்கள் விற்பனையாளர். பெயர் வைத்த போக்கிமான் செத்தால், அணியில் சேராமல் சேமிப்புப் பெட்டியிலேயே கிடந்தால், ஆட்டம் முதலிலிருந்து தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத் திரைக்குக் கீழே இரண்டு வரியில் எழுதி வையுங்கள். முதலிலிருந்து தொடங்கினால் அதே பெயர்களை வரிசைப்படி மறுபடி தருவதாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலான சண்டைகள் எழாது.