மகள் ட்ரோன் கேட்கிறாளா? முதலில் லேப்டாப்பில் பறக்கட்டும்

வணக்கம் அம்மா. மகள் இரண்டாம் ஆண்டு இசிஇ படிக்கிறாள், ட்ரோன் துறைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள், பைலட் பயிற்சிக்குப் பணம் கட்டுவதா, கடன் வாங்கியாவது ஒரு ட்ரோன் வாங்கிக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஆனால் அவள் ஆசைப்பட்டதில் தவறே இல்லை, அதைத் தடுக்காதீர்கள்.

பைலட் சான்றிதழுக்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்காக நான்கு வருடம் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. அவள் படிப்புக்கு ஏற்ற வேலை வேறு. கடையில் வாங்கிய ட்ரோன் அப்படியே எல்லாக் காரியத்துக்கும் உதவாது. சோலார் பண்ணையில் பழுதான பலகையைத் தேட வெப்பக் கேமரா வேண்டும், மருந்துப் பொட்டலத்தை இறக்கிவிட ஒரு கொக்கி வேண்டும். அந்தக் கருவியைப் பொருத்தி, ட்ரோனோடு பேச வைத்து, அதற்கான கணினி நிரலும் (கோட்) எழுதுகிற ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் உங்கள் மகள் வர வேண்டும்.

வெளியாட்களும் இப்படி மாற்றிக்கொள்ள நிறுவனங்களே தருகிற மென்பொருள் தொகுப்புதான் எஸ்டிகே. சீனாவின் ட்ரோன் நிறுவனமான டிஜேஐ 2014-லேயே மொபைல் எஸ்டிகே வெளியிட்டது. 2018-இல் வந்த பேலோட் எஸ்டிகே, மற்றவர்கள் செய்த கேமராவையும் சென்சாரையும் அதன் பெரிய ட்ரோன்களில் மாட்ட வழிசெய்தது.

யூடியூப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். அங்கே காட்டுவது பெரும்பாலும் டிஜேஐ. ஆனால் 2022 பிப்ரவரியில் இந்தியா வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. அதனால் இங்கே வேலை தேடுகிறவருக்கு ட்ரோனைப் பறக்க வைக்கிற ஆர்டுபைலட், பிஎக்ஸ்4 என்கிற திறந்த மூல (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய) மென்பொருள்களும், அவை பேசுகிற மேவ்லிங்க் என்கிற நெறிமுறையும்தான் முதல் பாடம். அது கைவந்தால் எந்த நிறுவனத்தின் எஸ்டிகேயையும் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

இதற்குச் செலவு இல்லை. ஆர்டுபைலட்டின் சிமுலேட்டர் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ‘மோட் கைடட்’, ‘ஆர்ம் த்ராட்டில்’, ‘டேக்ஆஃப் 10’ என்று மூன்று கட்டளை கொடுத்தால் திரையில் ட்ரோன் 10 மீட்டர் எழும்பி நிற்கும். ஆர்ம் செய்துவிட்டு, அதாவது மோட்டாரை ஓடத் தயாராக்கிவிட்டு, சும்மா இருந்தால் கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாக அணைந்துவிடும். அது ஏன் என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் காற்றின் வேகத்தைக் கூட்டிப் பார்க்கட்டும், நடுவானில் ஜிபிஎஸ்ஸைத் துண்டித்துப் பார்க்கட்டும். ட்ரோன் திரையில் எத்தனை முறை விழுந்தாலும் உங்களுக்குப் பைசா செலவில்லை.

கையில் தொட்டுப் பழக ஆசைப்பட்டால் கல்லூரி ஆய்வகத்தில் பிக்ஸ்ஹாக் வகை ப்ளைட் கன்ட்ரோலர் (ட்ரோனின் மூளையான சர்க்யூட் பலகை) இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு கருவியை மாட்டும்போதுதான் படித்தது எல்லாம் உரசிப் பார்க்கப்படும். கேமராவை முன்பக்கம் கட்டினால் எடை முன்னால் சாயும், முன் மோட்டார்கள் அதிகம் உழைத்துச் சூடாகும், பறக்கும் நேரமும் குறையும். பேட்டரியைச் சற்றே பின்னுக்குத் தள்ளினால் சரியாகும். மின்சாரம் அதிகம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் காம்பஸ் இருந்தால் திசை தப்பும். ஜிபிஎஸ்ஸையும் காம்பஸையும் சேர்த்து ஒரு குச்சியின் மேல் உயர்த்தி வைப்பது அதனால்தான். இசிஇ பிள்ளைக்கு இதெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்த காந்தப்புலமேதான்.

நீங்கள் பயப்பட வேண்டிய விஷயமும் இருக்கிறது. மேசையில் வைத்து சோதிக்கும்போது ப்ரொபெல்லரைக் கழற்றியே ஆக வேண்டும், விரலை வெட்டிவிடும். லித்தியம் பாலிமர் பேட்டரியை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். இந்த இரண்டிலும் கண்டிப்பாக இருங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிய வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வணிகம் அல்லாத மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எதைப் பறக்கவிடும் முன்பும் அந்த இடம் தடை மண்டலமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நிரல்களைப் பதிவேற்றி எல்லோருக்கும் காட்டுகிற கிட்ஹப் தளத்தில் அவள் எழுதிய நிரலும், ஒரு பறத்தலின் பதிவுக் கோப்பும், அதில் எங்கே பிழை வந்தது, எப்படிச் சரிசெய்தாள் என்ற குறிப்பும் இருக்கட்டும். நேர்காணலில் சான்றிதழ்க் கட்டைவிட அந்த ஒரு குறிப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்பது என் எண்ணம். பயிற்சி வேலைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகம், 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ஆளில்லா வான்கலக் கழகம் இரண்டிலும் விசாரித்துப் பார்க்கலாம்.

அவளுக்கு சி மொழி எந்த அளவுக்கு வரும், லினக்ஸைத் தொட்டிருக்கிறாளா என்று மட்டும் எழுதுங்கள் அம்மா. எங்கே தொடங்குவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.