கோலாலம்பூர் மகனுக்கு நிலக்கரிப் பங்கு: நடுவில் ஆள் எதற்கு?

கேள்வி: என் மகன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான், இந்தியப் பாஸ்போர்ட்தான். கோல் இந்தியா, என்.எல்.சி. பங்குகளை 'வெளிநாட்டவர் ஒதுக்கீட்டில்' மலிவாக வாங்கித் தருவதாக ஒருவர் 8 லட்சம் முன்பணம் கேட்கிறார். '100 சதவீத அந்நிய முதலீடு' என்ற பத்திரிகை நறுக்கையும் காட்டினார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ஆச்சி.

நறுக்கில் உள்ள செய்தி நிஜம்தான். ஆனால் 2019-ல் வந்த அந்த அனுமதி, இங்கே நிலக்கரி வெட்டி விற்க வரும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு. தம்பி வாங்கப்போவது சந்தையில் தினமும் கைமாறும் பங்கு. அரசு தன் பங்கை விற்கும்போதும் பங்குச்சந்தை வழியாகத்தான் விற்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று மலிவு ஒதுக்கீடு எதுவும் கிடையாது.

போன ஆடியில் ஒரு பெரியவர் இதே மாதிரி ஒரு ரசீதை என் மேசையில் வைத்தார். தலைப்பில் அரசு முத்திரை போல ஒன்று, பணம் போன கணக்கோ ஏதோ ஒரு டிராவல்ஸ் பெயரில். பேரன் பினாங்கில் சம்பாதித்து அனுப்பிய பணம், இன்றுவரை திரும்பவில்லை. கடல் கடந்த கடையின் ஐந்தொகையை (சொத்து-கடன் கணக்கை) வரி வரியாகப் பார்த்த குடும்பங்கள் யாரோ நீட்டும் தாளை நம்புவது எனக்கு ஆறவே இல்லை. பணம் தம்பியின் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து போக வேண்டும், பங்கு அவர் பெயரிலுள்ள டீமேட்டில், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கில் விழ வேண்டும். நடுவே வேறு பெயர் வந்தால் கதவைச் சாத்துங்கள். பவர் பத்திரம் கேட்டால் இன்னும் சீக்கிரம்!

நேர் வழி: வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கும், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஐ. டீமேட்டும். அந்தப் பணத்தைப் பின்னால் மலேசியாவுக்கே கொண்டுபோகலாம்.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். கல்லூரி நாளில் திறந்த பழைய டீமேட் இருந்தால் அதிலேயே வாங்கக் கூடாது. வெளிநாடு போனதும் அதை என்.ஆர்.ஓ. வகைக்கு (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டுப் பணத்துக்கான வகை) மாற்றியிருக்க வேண்டும். மாற்றாவிட்டால் விதிமீறல். அதிலுள்ள பங்கை விற்ற பணம் என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் வரும். அங்கிருந்து வெளியே அனுப்ப ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரம்பு உண்டு, ஆடிட்டர் சான்றும் கேட்பார்கள். நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான்.

பங்குக்குக் கம்பெனி தரும் ஈவுத்தொகையில் 20 சதவீத வரியும், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். மலேசிய வரி அலுவலகத்தின் வசிப்புச் சான்று கொடுத்தால் 5 சதவீதம்தான். அந்தச் சான்றை வருஷா வருஷம் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டுமாம். பான் எண் ஒன்றுதானே, ஒரே இடத்தில் வாங்கி வைத்தால் என்ன? கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அப்புறம், அரசு கம்பெனி அரசு சொல்வதைத்தான் கேட்கும். கோல் இந்தியாவில் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் வைத்திருந்த லண்டன் நிதியம் ஒன்று, நிலக்கரியை அரசு சொற்படி குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்று 2012-ல் வழக்குப் போட்டது. 2014-ல் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. இதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது பாஸ்போர்ட், விசா நகல், பான் கார்டு, மலேசிய முகவரிச் சான்று நான்கையும் எடுத்துவரச் சொல்லுங்கள். வங்கியில் அவரே நேரில் கையெழுத்துப் போடட்டும்.