இறுதிக்கால கிறிஸ்தவ நாவல்களைப் படித்திருக்கிறீர்களா? அவற்றில் வரும் இறையியல் பைபிளில் இருப்பதுதானா?

படித்திருக்கிறேன். ஏற்காட்டில் தங்கிய விடுதியின் அலமாரியில் யாரோ விட்டுப்போன 'லெஃப்ட் பிஹைண்ட்' முதல் பாகம் இருந்தது. வெளியே பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத பனிமூட்டம். ஆட்கள் திடீரென்று மறைந்துபோகும் கதையைப் படிக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

சுருக்கமான பதில்: அந்த நாவல்களில் வரும் வசனங்கள் பைபிளில் இருப்பவைதான். அவற்றை அந்த வரிசையில் கோத்த திட்டம் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதை. டிம் லஹே என்ற போதகரும் ஜெரி ஜென்கின்ஸ் என்ற எழுத்தாளரும் சேர்ந்து 1995 முதல் 2007 வரை எழுதிய 16 நாவல்கள். 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றவை. சிகாகோவிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானத்தில் நடுவானில் பல பயணிகளைக் காணவில்லை. இருக்கைகளில் உடைகள் மட்டும் கிடக்கின்றன. உலகம் முழுக்க இதே நிலை. மெய்யான விசுவாசிகளும் குழந்தைகள் அனைவரும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள். விமானியின் மனைவியும் மகனும் போய்விட்டார்கள். அவரும் மகளும் இங்கே நிற்கிறார்கள். பிறகு ருமேனியாக்காரர் ஒருவர் ஐ.நா. பொதுச்செயலாளர் ஆகிறார். அவர்தான் அந்திகிறிஸ்து, கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புகிறவர். இஸ்ரவேலோடு ஒப்பந்தம், ஏழு வருட உபத்திரவம், அவரைப் பின்பற்றுகிறவர்கள் மேல் போடப்படும் 'மிருகத்தின் முத்திரை', கடைசியில் இயேசுவின் பகிரங்க வருகை. 2014இல் நிக்கோலஸ் கேஜ் நடித்துப் படமாகவும் வந்தது. அதைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

முதல் பாகம் நல்ல விறுவிறுப்பு, ஒரே மூச்சில் முடித்தேன். விடுதிக்காரரிடம் கேட்டு அதைச் சேலத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். அப்புறம் அது பல கை மாறியது.

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், அத்தை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர். அவருக்கு ஆங்கிலம் வராது என்பதால் கதையைச் சொன்னேன். "இதைத்தானே எங்க பாஸ்டர் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்காரு!" என்றார். "சரி அத்தை, பைலட் விசுவாசியா இருந்து எடுத்துக்கொள்ளப்பட்டா, மத்த பயணிங்க கதி?" என்று கேட்டேன். "அதுக்குத்தான் சொல்றேன் கண்ணு, இப்பவே மனந்திரும்பிடு" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச?

கத்தோலிக்கத் தோழி ஒருவர் பாதியிலேயே கோபப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கதையில் போப்பும் எடுத்துக்கொள்ளப்படுகிறார். ஆனால் அவர், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த லூத்தரின் உபதேசத்தை ஒட்டிப் பேசத் தொடங்கியிருந்தவர் என்று ஒரு குறிப்பு வருகிறது. அவருக்குப் பின் வரும் கர்தினால் போலியான உலக மதத்துக்குத் தலைவராகிறார். "நாலு ரோடு பேராலயத்துல இருக்கிற நாங்கல்லாம் அப்போ யாரு?" என்று தோழி கேட்டது நியாயமான கேள்விதான்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் அலுவலக நண்பர், இந்து, மூன்று நாளில் முடித்துவிட்டார். "எங்க கணக்குல கலியுகம் முடிய இன்னும் 4,27,000 வருஷம் பாக்கி இருக்கு, நீங்க ஏன் இப்படிப் பறக்கறீங்க?" என்று சிரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இதுல என்னை மாதிரி ஆள் எங்கேயுமே இல்லையே. ஒண்ணு மாறணும், இல்லேன்னா சாகணும், அவ்வளவுதானா?" என்றார்.

இறையியலுக்கு வருகிறேன். 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற, பிளிமத் சகோதரர் சபைத் தலைவர்களில் ஒருவர், இயேசுவின் வருகை இரண்டு கட்டமாக நடக்கும் என்று போதித்தார். முதலில் சபையை மட்டும் எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை. பிறகு ஏழு வருட உபத்திரவம். அதன் பின் எல்லாரும் காணும் வருகை. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்ட் பைபிள் இந்தத் திட்டத்தை அடிக்குறிப்பாக வசனத்தின் கீழேயே அச்சிட்டது. ஒரே பக்கத்தில் வேதமும் விளக்கமும் இருந்ததால் எது எது என்ற வேறுபாடு பலருக்கு மறந்தே போனது. நாவல்கள் அந்த அடிக்குறிப்புகளுக்கு ஆள், விமானம், துப்பாக்கி எல்லாம் கொடுத்தன.

அந்த ஏழு வருடம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தானியேல் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரக் கணக்கில், ஒரு வாரம் என்றால் ஏழு வருடம் என்று வைத்து, 69 வாரம் முடிந்ததும் கடிகாரம் நின்றுவிட்டது, கடைசி வாரம் இனிமேல்தான் என்று டார்பி வகையறா படித்தார்கள். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் 42 மாதம் உண்டு, 1,260 நாள் உண்டு. ஏழு வருட உபத்திரவம் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

'ஆகாயத்தில் கர்த்தரை எதிர்கொள்வோம்' என்று பவுலின் கடிதமான 1 தெசலோனிக்கேயர் 4இல் வருகிறதே என்பார்கள். அக்காலத்தில் அரசனோ பெரிய அதிகாரியோ வந்தால் ஊர்ப் பெரியவர்கள் எல்லைக்கு வெளியே போய் எதிர்கொண்டு, அவரோடு உள்ளே வருவது வழக்கம். நம் மாப்பிள்ளை அழைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்கொள்ளப் போனவர்கள் மாப்பிள்ளையோடு மண்டபத்துக்குத்தான் திரும்புவார்கள், அப்படியே அவர் ஊருக்குப் போய்விடுவதில்லை. இறையியலாளர்கள் பலர் அந்த வசனத்தை இப்படித்தான் வாசிக்கிறார்கள். டார்பி வழியில் வருபவர்களுக்கு இதற்கும் மறுவாதம் உண்டு, அந்தச் சண்டை முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஆனால் பவுல் அதை எழுதிய காரணத்தில் சண்டையில்லை: இறந்துபோனவர்களை நினைத்துக் கலங்கியவர்களைத் தேற்றுவதற்காக எழுதினார்.

அந்த ஆறுதல் வசனம் இன்று என்ன ஆகியிருக்கிறது பாருங்கள். அத்தை மகள் சின்ன வயதில் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யாரும் இல்லையென்றால் முதலில் வாசலில் அம்மாவின் செருப்பைத் தேடுவாள். செருப்பு இல்லையென்றால் நிம்மதி, அம்மா கடைக்குப் போயிருக்கிறார். செருப்பு கிடந்து அம்மா மட்டும் இல்லையென்றால் அழுகை வந்துவிடும். வருகை நடந்துவிட்டது, தன்னை விட்டுவிட்டார்கள்! அத்தை பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். அவள் இதை இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

முத்திரை விவகாரமும் இப்படித்தான். பார்கோடு வந்தபோது அதுதான் மிருகத்தின் எண்ணான 666 என்றார்கள், ஆதார் வந்தபோது அது, கொரோனா தடுப்பூசி வந்தபோது ஊசி. வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தில் மிருகத்தின் முத்திரை வருகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவரின், அதாவது இயேசுவின், ஆட்கள் நெற்றியில் பிதாவின் நாமத்தோடு நிற்கிறார்கள். அந்த நாமத்தை எந்தக் கருவியால் பதித்தார்கள் என்று எந்தக் கன்வென்ஷன் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. அது விசுவாசத்தின் அடையாளம் என்று எல்லாருக்கும் புரிகிறது. பக்கத்து அதிகாரத்துக்கு வந்தால் மட்டும் சிப்பும் ஊசியும் தேவைப்படுகின்றன. 666 என்பது ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரேய எழுத்தில் கூட்டினால் வரும் எண் என்ற விளக்கம் ஆய்வாளர்கள் பலர் ஏற்பது. நாவல்களில் அதற்கு இடமில்லை.

இப்போது என் பெரிய குறை. வெளிப்படுத்தின விசேஷம் பத்மு தீவிலிருந்த யோவான் இன்றைய துருக்கியிலுள்ள ஏழு சபைகளுக்கு எழுதியது. அதில் சிமிர்னா ஏழைச் சபை, சிறைக்கும் சாவுக்கும் காத்திருக்கிற சபை. அதற்குக் கிடைப்பது ஆறுதல். லவோதிக்கேயா, 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்று உட்கார்ந்திருக்கும் பணக்காரச் சபை. அதற்குக் கிடைப்பது திட்டு. இந்த நாவல்கள் லவோதிக்கேயாவில் உட்கார்ந்து தன்னைச் சிமிர்னா என்று கற்பனை செய்துகொள்ளும் வாசகருக்காக எழுதப்பட்டவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துன்பம் எல்லாம் நாம் கிளம்பிய பிறகு மற்றவர்களுக்கு வருவது. நாம் பாதுகாப்பாக உட்கார்ந்து பார்க்கலாம்.

18ஆம் அதிகாரத்தை எடுங்கள். பாபிலோன் என்ற மகா நகரம் விழுந்ததும் வியாபாரிகள் அழுகிறார்கள், இனி யார் வாங்குவார் என்று. பொன், வெள்ளி, பட்டு, லவங்கப்பட்டை, திராட்சரசம், கோதுமை, குதிரை என்று போகும் சரக்குப் பட்டியல் மனிதருடைய ஆத்துமாக்களில் முடிகிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து இதைப் படித்தால், வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்ட காலத்துக் கூலிகள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியல் நம்மையும் கேள்வி கேட்கிறது, நாம் எந்தப் பக்கம் என்று. நாவலில் அந்தக் கேள்வியே எழாது. கெட்டவர்கள் யாரென்று முதலிலேயே தெரிந்துவிடும், அவர்கள் வேறு யாரோ.

கத்தோலிக்க மறைக்கல்வி நூலோ, கிறிஸ்துவின் வருகைக்கு முன் திருச்சபை ஓர் இறுதிச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்கிறது. எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலும் உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வரும் ஒரே வருகைதான் இருக்கிறது. முன்கூட்டியே தப்பித்துக்கொள்ளும் வழி இரண்டிலும் கிடையாது.

படிப்பதானால் முதல் பாகம் போதும்; நான்காவதுக்கு மேல் இழுவை. கோபப்பட்ட அந்தத் தோழி பதிலுக்கு எனக்குக் கொடுத்தது ராபர்ட் ஹியூ பென்சன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1907இல் எழுதிய 'லார்ட் ஆஃப் த வேர்ல்ட்'. போப் பிரான்சிஸ் 2015இல் பத்திரிகையாளர்களிடம் பரிந்துரைத்த நாவல் அது. அதிலும் உலகத் தலைவர் ஒருவர் வருகிறார், ஆனால் சமாதானமும் மனிதநேயமும் பேசிக்கொண்டு. விசுவாசிகள் யாரும் இடையில் மறைவதில்லை, குறைந்துகொண்டே போய்க் கடைசிவரை இங்கேயே இருக்கிறார்கள். காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆங்கிலம் பழைய பாணி, முன்னுரைப் பகுதி மகா அறுவை. அதைத் தாண்டிவிட்டு முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பியுங்கள்.