கிளவுட் கோர்ஸா, லினக்ஸ் சர்வரா: நியூரம்பர்க் வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், இதே நிலைமையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். சென்னையில் நான்கு வருடம் டெஸ்க்டாப் சப்போர்ட் பார்த்திருக்கிறீர்கள், விண்டோஸ்தான் பழக்கம். மனைவிக்கு புளூ கார்டில் (ஐரோப்பிய வேலை அனுமதி) இங்கே வேலை கிடைத்ததால் கூட வந்துவிட்டீர்கள். உங்களுக்கும் வேலை செய்ய அனுமதி இருக்கிறது, வேலைதான் இன்னும் அமையவில்லை. லினக்ஸ் சர்வர் அட்மின் படிக்கலாமா, எல்லோரும் சொல்கிற மாதிரி நேராக கிளவுட் கோர்ஸில் சேரலாமா, லினக்ஸ் என்றால் கம்பெனிகள் பயன்படுத்தும் அதன் வகைகளில் ரெட் ஹேட்டா சுசேயா, ஜெர்மன் தெரியாமல் காலம் தள்ள முடியுமா. இவ்வளவுதானே?

லினக்ஸ் படியுங்கள். கிளவுட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கிளவுட்டில் ஓடுகிற மெஷின்களிலும் பெரும்பாலும் லினக்ஸ்தான் இருக்கிறது. கன்சோலில் நாலு பட்டன் தட்டி மெஷின் எழுப்பத் தெரியும், அது பூட் ஆகாமல் நின்றால் என்ன செய்வது என்று தெரியாது, இந்த மாதிரி ஆட்கள் ஏற்கெனவே நீள வரிசையில் நிற்கிறார்கள். கோர்ஸ் ஃபீஸ் கட்டி அந்த வரிசைக் கடைசியில் போய் நிற்காதீர்கள்.

ரெட் ஹேட்டா சுசேயா என்பதற்கு, நீங்கள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருந்திருந்தால் யோசிக்காமல் ரெட் ஹேட் என்றிருப்பேன். ஜெர்மனியில் கணக்கு கொஞ்சம் வேறு. சுசே 1992இல் இந்த நாட்டில் தொடங்கிய கம்பெனி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே அவர்கள் அலுவலகம் இருக்கிறது, ஆனால் அதை வைத்துச் சொல்லவில்லை. காரணம் எஸ்ஏபி என்ற நிறுவன மென்பொருள். இங்கே தொழிற்சாலை நடத்துகிற நடுத்தரக் கம்பெனிகளில்கூட கணக்கு, கிடங்கு, சம்பளம் எல்லாம் எஸ்ஏபியில் ஓடும். அதன் ஹானா டேட்டாபேஸ் லினக்ஸில் மட்டும்தான் ஓடும், லினக்ஸிலும் சுசே, ரெட் ஹேட் இரண்டுக்குத்தான் எஸ்ஏபி ஆதரவு தருகிறது. எஸ்ஏபியின் பழைய பதிப்பான ஈசிசிக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது. அதனால் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவர்கள் எல்லாம் இப்போது அவசர அவசரமாக ஹானாவுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். எஸ்ஏபி தெரிந்த ஆட்கள் அவர்களிடம் இருப்பார்கள். அதன் அடியில் இருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் தேடுகிறார்கள்.

அதனால் சுசேயில் தொடங்குங்கள். ஒன்றை ஆழமாகக் கற்றுவிட்டால் மற்றதற்குத் தாண்டுவது பெரிய விஷயம் இல்லை. பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) போடுகிற கட்டளை ரெட் ஹேட்டில் டிஎன்எஃப், சுசேயில் ஸிப்பர். ரூட் டிஸ்கின் ஃபைல் சிஸ்டம் அங்கே எக்ஸ்எஃப்எஸ், இங்கே பிடிஆர்எஃப்எஸ். சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி, தூரத்திலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்ஹெச், டிஸ்க் இடத்தைப் பங்கிட எல்விஎம், லாக் படிப்பது எல்லாம் ஒன்றேதான். ஒரு எச்சரிக்கை: இணையத்தில் கிடைக்கும் பழைய சுசே பாடங்கள் முழுக்க யாஸ்ட் என்ற மெனு கருவியைச் சுற்றியே இருக்கும். 2025 நவம்பரில் வந்த பதிப்பு 16இல் யாஸ்டை எடுத்துவிட்டார்கள், பாதுகாப்புக்கு ஆப்ஆர்மர் இருந்த இடத்தில் எஸ்இலினக்ஸ் வந்துவிட்டது. பதிப்பு 15 கம்பெனிகளில் இன்னும் பல வருடம் ஓடும், அதனால் யாஸ்ட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிக் கட்டளைகளைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

காசு செலவழித்துப் பயிற்சி மையம் போக வேண்டாம். ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய சின்ன கம்ப்யூட்டர்கள் பழைய சாமான் விற்கிற தளங்களில் சல்லிசாகக் கிடைக்கும், 32 ஜிபி மெமரி இருக்கிற மாதிரி ஒன்று பாருங்கள். பெரிய பழைய சர்வர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், இங்கே கரண்ட் பில் வரும்போது தெரியும், சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதுவார். அந்தச் சின்ன கம்ப்யூட்டருக்குள் நாலைந்து விர்ச்சுவல் மெஷின் போட்டு ஓப்பன்சுசே லீப் ஏற்றுங்கள். இலவசம், சுசேயின் கம்பெனிப் பதிப்புக்குள் இருக்கும் அதே பேக்கேஜ்கள்தான் பெரும்பகுதி. ரெட் ஹேட்டும் வேண்டும் என்றால் தனி ஆட்களுக்கு 16 மெஷின் வரை இலவசமாகத் தருகிற டெவலப்பர் சந்தா இருக்கிறது.

பிறகு உடையுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், ஏற்றி ஓட வைப்பதில் படிப்பு ரொம்பக் கம்மி. ஒரு டிஸ்கைச் சேர்த்து, எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அதன் அடையாள எண்ணை வேண்டுமென்றே ஒரு எழுத்து மாற்றி எழுதி ரீபூட் கொடுங்கள். ஒன்றரை நிமிடம் அந்த டிஸ்கைத் தேடிக்கொண்டு நிற்கும், அப்புறம் எமர்ஜென்சி மோடில் கொண்டுபோய் விட்டு ரூட் பாஸ்வேர்ட் கேட்கும். அங்கிருந்து லாகைப் படித்து, எந்த வரி தப்பு என்று கண்டுபிடித்து, திருத்தி எழுப்புங்கள். இதைக் கை தன்னால் செய்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இங்கே நேர்முகத் தேர்வில் வரையறை எல்லாம் பெரிதாகக் கேட்பதில்லை, “இரவு பேட்ச் போட்டார்கள், காலையில் சர்வர் வரவில்லை, என்ன செய்வீர்கள்” என்று கேட்டுவிட்டுச் சும்மா சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். உடைத்துப் பார்த்தவர் பேச ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

சுசேக்கே உரிய ஒன்று ஸ்னாப்ஷாட். ஸிப்பரில் எதை ஏற்றினாலும் அதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று ஸ்னாப்பர் என்ற கருவி தானாக நகல் எடுத்து வைக்கும், அப்டேட் கெடுத்துவிட்டால் பூட் மெனுவிலேயே பழைய நிலையைத் தேர்ந்தெடுத்து எழுப்பி அதையே நிரந்தரமாக்கிக்கொள்ளலாம். அருமையான வசதி, ஆனால் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். ரூட் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலாரம் வரும், பெரிய ஃபைலாகத் தேடி அழிப்பார்கள், இடம் ஒரு துளிகூட அதிகமாகாது. அழித்த ஃபைலைப் பழைய ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும், அதை நீக்கினால்தான் இடம் திரும்பும். இன்னொன்று, வார், ஹோம், ஆப்ட் போன்ற டைரக்டரிகள் இந்த நகலில் சேராது. சிஸ்டத்தைப் பின்னுக்கு இழுத்தால் டேட்டாவும் பின்னுக்குப் போகும் என்று நினைத்துப் பேக்கப் எடுக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹானா பக்கம் போகும்போது எஸ்ஏபிக்கு ஏற்றபடி சிஸ்டத்தைச் சரிசெய்யும் சாப்டியூன், ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கும் பேஸ்மேக்கர் கிளஸ்டர் இரண்டும் வரும், அதை இப்போதே நினைத்து மலைக்க வேண்டாம்.

சான்றிதழ் வேண்டுமா என்றால், ஒன்று இருந்தால் மனிதவளத் துறையைத் தாண்ட உதவும். ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ முழுக்க கையால் செய்து காட்டுகிற பரீட்சை, இணையம் கிடையாது, சிஸ்டத்திலேயே இருக்கும் மேன் பேஜ் கையேடுதான் துணை, செய்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். சுசேயில் வேலை தேடினாலும் இந்தப் பரீட்சைக்குத் தயாராவது வீண் போகாது. விளம்பரங்களில் மூன்று வருட ஐடி தொழிற்பயிற்சி “அல்லது அதற்கு இணையான தகுதி” என்று இருக்கும், அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள், உங்கள் டிகிரியும் அனுபவமும் அந்த “இணையான”துக்குள் வரும். வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிட்டு வைத்திருக்கும் அனபின் தளத்தில் உங்கள் காலேஜ் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

ஜெர்மன் பற்றி உங்கள் நண்பர் “டீம் முழுக்க இங்கிலீஷ்தான்” என்று சொன்னாராம். பெர்லின் ஸ்டார்ட்அப்பில் சரி. நான் மேலே சொன்ன தொழிற்சாலைக் கம்பெனியில், இரவு பத்து மணிக்கு ஃபோன் செய்கிற கிடங்கு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ஜெர்மனில்தான் பேசுவார், அதுவும் உள்ளூர் வட்டாரப் பேச்சு. டிக்கெட்டில், அதாவது பழுதுப் பதிவில், என்ன உடைந்தது, என்ன செய்தேன், அடுத்து வருகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று ஜெர்மனில் நாலு வரி எழுதத் தெரிந்தவருக்கு அவரைவிடத் தொழில்நுட்பம் நன்றாகத் தெரிந்தவரை ஒதுக்கிவிட்டு வேலை கொடுப்பதை நான் இரண்டு கம்பெனியில் பார்த்தேன். ஊர் மாநகராட்சி நடத்தும் ஃபோக்ஸ்ஹோக்ஷூலே என்ற பெரியவர்களுக்கான கல்வி மையத்தில் மாலை வகுப்பு விலை குறைவு, பி1 என்ற நடுத்தர நிலை வரைக்கும் விடாமல் போங்கள். வீட்டு லேபில் ஒவ்வொரு தடவை எதையாவது உடைத்துச் சரி செய்ததும் அதை ஜெர்மனில் டிக்கெட் மாதிரி எழுதிப் பாருங்கள், வகுப்பு வாத்தியாரிடம் திருத்தச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு மாறுதலாக இருக்கும்.

வேலை கிடைத்தால் கையெழுத்துப் போடும் முன் ஆன்கால் பற்றி, அதாவது வேலை நேரத்துக்கு வெளியே அழைப்புக்குக் காத்திருப்பது பற்றிக் கேளுங்கள், கூச்சப்படாமல். எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, வெறுமனே காத்திருப்பதற்கு எவ்வளவு, கூப்பிட்டால் தனியாக எவ்வளவு. இங்கே சட்டப்படி வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் முன் 11 மணி நேர ஓய்வு வேண்டும், இரவு இரண்டு மணிக்கு எழுந்து சர்வரைச் சரி செய்தால் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் போகக் கூடாது. நம் ஊர் பழக்கத்தில் போய் உட்கார்ந்தால் பாராட்ட மாட்டார்கள், டீம் தலைவர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார், கூடவே ஷிஃப்ட் பட்டியலைத் திருப்பி எழுதவேண்டி வந்த எரிச்சலும் அவருக்கு இருக்கும். ரெஸ்யூமேயை அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.